கெட்ட சீட்டை யாரிடம் சொன்னாள்?

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா. கதை வேண்டாம்" என்று வக்கீலம்மா படித்துப் படித்துச் சொன்னாள். என்னிடம் போய் அப்படிச் சொன்னால் எப்படி? தபால்காரர் வந்தால் அவர் முழங்கால் வலியிலிருந்து அவர் மச்சினி கல்யாணம்வரை விசாரித்துவிட்டுத்தான் நான் கையெழுத்தே போடுவேன். சரி, சரி என்று தலையை ஆட்டி வைத்தேன்.

கூண்டில் நின்றவள் என் மருமகள். கொலைக் குற்றம். செத்துப்போனவர் மர டிப்போ முதலாளி. என் மகன் அவரிடம் வண்டி ஓட்டப் போய், அவர் நம்பிக்கையைச் சம்பாதித்து, டிப்போவையே பார்த்துக்கொள்கிற அளவுக்கு வந்திருந்தான். அன்று அவன் என் பக்கத்தில்தான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முட்டியை ஆட்டிக்கொண்டே இருந்தான். சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம் உண்டு. ஆட்டாதே என்று தொடையில் ஒரு தட்டுத் தட்டினேன். பெண்டாட்டி கூண்டில் நிற்கிறாள், பாவம், பிள்ளைக்கு இருப்புக் கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மருமகள் சீட்டு பார்த்துப் பலன் சொல்கிறவள். எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு சின்ன மேசை. அதன் மேல் ஒரு கறுப்புத் துணி விரித்திருப்பாள். ஓரத்தில் வெள்ளி நூலில் அவளே தைத்த நட்சத்திரங்கள். துணியின் மேல் சீட்டுக்கட்டு. கல்யாணத்துக்குப் பெண் தேடுகிறவர்கள், வேலை தேடுகிறவர்கள், காணாமல் போன நாயைத் தேடுகிறவர்கள் என்று தினமும் நாலைந்து பேர் வருவார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "உன் சீட்டைக் கேட்டுச் சொல்லு, அடுப்பு கேஸ் எப்ப தீரும்னு" என்று வம்பிழுப்பேன். "அதுக்குச் சீட்டு எதுக்கு அத்தை, சிலிண்டரை ஆட்டிப் பாத்தாலே தெரியுமே" என்பாள். வாய்த்துடுக்குக்காரி. ஆனால் எனக்குப் பிடிக்கும்.

முதலாளிக்கும் அவள்தான் சீட்டு பார்த்தாள், எப்போதும் அவர் வீட்டுக்கே போய். அவருக்கு நெஞ்சில் சளி, எப்போதும் இழுப்பு. தனி ஆள். அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் காலையில் படுக்கையறையில் செத்துக் கிடந்தார். அறைக்குள் குளிருக்கு மூட்டிய கரிக் கணப்புச் சட்டி புகைந்து அணைந்திருந்தது. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியை யாரோ வெளியே இருந்து ஒரு துணியால் அடைத்திருந்தார்கள். கறுப்புத் துணி. ஓரத்தில் வெள்ளி நட்சத்திரம்.

போலீஸ் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. முதல் நாள் மதியம் முதலாளிக்குச் சீட்டு பார்க்க மருமகள் அவர் வீட்டுக்கே போயிருந்தாள். "துணியை அங்கயே மறந்து வச்சிட்டு வந்துட்டேன்" என்றாள். யார் நம்புவார்கள்?

டிப்போ காவல்காரர் சாட்சி சொல்ல வந்தார். தொப்பியைக் கழற்றச் சொன்னால் பெல்ட்டைத் தொடுகிறார், அவ்வளவு பயம்.

"முதலாளி ரெண்டு மாசமா டிப்போ பக்கமே வரலைங்க. ஏன் ஐயா வரலைன்னு கேட்டேன். மூச்சு அடைச்சுத்தான் சாவேன்னு சீட்டுல வந்திருக்காம், மரத்தூசிக்குள்ள கால் வைக்கவே பயமா இருக்குன்னாரு."

அரசு வக்கீல் அதை வைத்துக்கொண்டு ஆடித் தீர்த்துவிட்டார். கட்டைக்குரல் மனிதர். "மூச்சு அடைத்துச் சாவார் என்று சொன்னவர் இவர். மூச்சு அடைத்துத்தான் செத்தார். கதவை அடைத்த துணியும் இவருடையது. சொன்னது பலித்தால் வாசலில் கூட்டம் கூடும். அதற்காக ஓர் உயிரையே எடுத்திருக்கிறார்."

எங்கள் வக்கீலம்மா எழுந்து மருமகளிடம் கேட்டாள். "முதலாளிகிட்ட நீங்க அப்படிச் சொன்னீங்களா?"

"இல்லை."

"வேற யார்கிட்டயாவது?"

மருமகள் என்னைப் பார்க்கவில்லை, என் மகனையும் பார்க்கவில்லை. மேலே சுற்றாமல் நின்ற மின்விசிறியைப் பார்த்தாள். "யார்கிட்டயும் சொல்லல."

"அப்ப முதலாளிக்குக் கனவுல வந்திருக்கும்போல" என்றார் அரசு வக்கீல். பின் பெஞ்சில் சிரித்தார்கள். எனக்கு எழுந்து கத்தலாம்போல இருந்தது.

ஏனென்றால் எனக்குத்தான் தெரியுமே! அவள் தொழிலில் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். நல்லது வந்தால் வந்தவரிடம் சொல்வாள். கெட்டது வந்தால் சொல்லவே மாட்டாள். "இன்னைக்குச் சீட்டு சோம்பலா இருக்கு, அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிடுவாள். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "சொன்னா அன்னையிலிருந்தே சாக ஆரம்பிச்சிடுவாங்க அத்தை" என்றாள். அப்படிப்பட்டவளைப் போய்ப் பயமுறுத்திக் கொன்றாள் என்கிறார்கள். இந்தப் பெண்ணுக்குக் கூண்டைக் கண்ட பயத்தில் சொந்த வழக்கத்தை எடுத்துச் சொல்லத் தெரியவில்லை, நாம் போய்ச் சொன்னால் விட்டுவிடுவார்கள், சாயங்காலம் குட்டியிடம் அம்மாவைக் கொண்டுபோய் நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். குட்டி என்றால் என் பேத்தி. அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிச் சொல்லி என் வாயே புளித்துப்போயிருந்தது.

என்னைக் கூப்பிட்டார்கள். போய் நின்றேன்.

"உங்க மருமக கெட்ட பலனை வந்தவங்ககிட்ட சொல்வாங்களா?" என்றாள் வக்கீலம்மா.

"சொல்லவே மாட்டா. செத்தாலும் சொல்ல மாட்டா."

"நன்றிம்மா. போதும்."

போதும் என்றாள். நன்றாகக் காதில் விழுந்தது. ஆனால் அரசு வக்கீல் எழுந்துவிட்டாரே.

"சொல்ல மாட்டாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? சீட்டு பாக்கும்போது நீங்க பக்கத்துல உக்காந்திருப்பீங்களா?"

"நான் எதுக்குங்க உக்காரணும்? அடுப்படி வேலையை உங்க வீட்டம்மாவா வந்து பாப்பாங்க?"

சிரிப்பு. இந்தத் தடவை என் பக்கம். எனக்கும் கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது.

"அப்ப எப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியுமா? வந்தவங்ககிட்ட சொல்லாம முழுங்கினதை எல்லாம் எங்ககிட்ட கொட்டிட்டுத்தானே அவ சோத்துல கையே வைப்பா! அந்தம்மா வீட்டுக்காரர் பொழைக்க மாட்டார், இந்தப் பையனுக்கு வேலை கிடைக்காதுன்னு. கேட்டுக் கேட்டு எங்களுக்குத்தான் சாப்பாடு இறங்காது."

"எங்ககிட்டன்னா?"

"என்கிட்ட, என் மகன்கிட்ட. வேற யாரு இருக்கா வீட்டுல?"

"முதலாளிக்கு வந்த சீட்டையும் அப்படித்தான் சொன்னாங்களா?"

"ஆமா. மூச்சு நிக்கிற சீட்டு வந்திருக்கு, பாவம் நல்ல மனுஷன்னு கண்ணு கலங்கி..."

"அத்தை!"

அவளிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. பிரசவ வலியில்கூட உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தவள். கூண்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டார். அரசு வக்கீலின் குரலும் மாறிவிட்டது. மெதுவாகக் கேட்டார். "அப்படின்னா அந்தச் செய்தி உங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்துதான் முதலாளி காதுக்குப் போயிருக்கணும். நீங்க போய்ச் சொன்னீங்களா?"

"நான் அந்த மனுஷனை நேர்ல பாத்ததே இல்லைங்களே."

சொல்லி முடித்த பிறகுதான் புத்தியில் உறைத்தது. மேசையில் மூன்று பேர். அவள் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை.

அந்தச் சாப்பாடு எனக்கு அப்படியே கண்முன் வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகிறாள். இவன் சோற்றைப் பிசைந்தபடி, "அவருக்கு மூச்சுன்னா ரொம்பப் பயம்மா. இதைச் சொன்னா வீட்டை விட்டே வெளிய வர மாட்டாரு" என்று சிரிக்கிறான். நானும் கூடச் சிரித்தேன். அதற்கப்புறம் முதலாளி டிப்போ பக்கம் வரவில்லை. சாவிக்கொத்து எந்நேரமும் இவன் இடுப்பில்தான் கிடந்தது. பிள்ளை முன்னுக்கு வந்துவிட்டான் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

"நான்தான் சொன்னேன்" என்றேன். "போன்ல. போன்ல சொன்னேன்."

"அவர் நம்பர் என்ன?"

"ஒம்பது, எட்டு, நாலு..." என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். 

"அம்மா, விடு."

பெஞ்சில் இருந்து எழுந்து நின்றான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நிற்கிற மாதிரி, கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. "வண்டியில போகும்போது நான்தான் அவர்கிட்ட சொன்னேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவளை விட்டுடுங்க."

முட்டி ஆடுவது நின்றிருந்தது.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. முதலாளி வராத நாட்களில் டிப்போவிலிருந்து தேக்கு மரம் லாரி லாரியாய்ப் போயிருந்தது. வெளிப்பக்கம் அடுக்கு அப்படியே நிற்க, உள்ளே கூடு மாதிரி காலி. சாவதற்கு முதல் நாள் சாயங்காலம், காவல்காரர் இல்லாத நேரத்தில், முதலாளி பயத்தை விட்டுவிட்டுத் திடீரென்று வந்து நின்றிருக்கிறார். கையால் தட்டிப் பார்த்திருக்கிறார். விடிந்ததும் போலீஸுக்குப் போகிறேன் என்றிருக்கிறார். அன்று ராத்திரிதான் இவன் அந்தக் கதவிடுக்கை அடைத்தான். "கொல்லணும்னு நினைக்கல. மயங்கினா ஆஸ்பத்திரியில நாலு நாள் கிடப்பாரு, அதுக்குள்ள மரத்தை நிரப்பிடலாம்னு நினைச்சேன்" என்றான் இவன். உண்மையோ பொய்யோ. காலையில் கதவை உடைத்துப் பிணத்தைத் தூக்கியவனும் இவன்தான். அன்று தேம்பித் தேம்பி அழுதான். அந்த அழுகை பொய்யில்லை என்று என்னால் இன்றைக்கும் சத்தியம் செய்ய முடியும். யார் கேட்கிறார்கள்?

மருமகளை விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தாள். குட்டி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது. தூக்கினாள், முத்தம் கொடுத்தாள், தூங்க வைத்தாள்.  பிறகு அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"போதும்னு வக்கீலம்மா சொன்னாங்கள்ல அத்தை?"

"நீ உள்ள போயிருப்பியேம்மா..."

"போயிருந்தா போயிருப்பேன். இல்ல, விட்டும் இருப்பாங்க. சாட்சி பத்தாதுன்னு வக்கீலம்மா சொன்னாங்க. ரெண்டு பேருமே வீட்டுல இருந்திருக்கலாம்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"துணியைக் காட்டின அன்னைக்கே." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் அங்க மறந்து வைக்கல. வீட்டுக்குக் கொண்டுவந்துட்டேன்."

அப்படியென்றால் வீட்டிலிருந்த துணியை எடுத்துப்போயிருக்கிறான். வேறு துணியே கிடைக்கவில்லையா? அடுப்படியில் கந்தல் இல்லையா? வேண்டுமென்றே எடுத்தானா? நட்சத்திரத்தைப் பார்த்து, இது யாருடையது என்று தெரிந்தே எடுத்தானா? நான் கேட்கவில்லை. ஆனால் என் முகத்தில் எழுதியிருந்ததோ என்னவோ, அவளே சொன்னாள்.

"வண்டியில கிடந்திருக்கும். இருட்டுல கைக்குக் கிடைச்சதை எடுத்திருப்பாரு. பாத்திருக்க மாட்டாரு."

"வீட்டுக்குக் கொண்டுவந்தேன்னு இப்பத்தானே சொன்னே?"

"வண்டியிலதான் வந்தேன். வண்டியிலயே விட்டிருப்பேன்." என் பக்கம் திரும்பினாள். "பாத்திருக்க மாட்டாரு அத்தை. சொல்லுங்க. பாத்திருக்க மாட்டாருன்னு சொல்லுங்க."

"பாத்திருக்க மாட்டான்" என்றேன்.

அவளும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. அதற்கு மேல் அந்த வீட்டில் பேச என்ன இருக்கிறது? சீட்டுக்கட்டு போலீஸில் இருக்கிறது. திருப்பி வாங்க அவள் போகவில்லை. ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போகிறாள்.

தண்டனை தெரிந்த பிறகு அவனைப் பார்க்க முதல் தடவையாகச் சிறைக்கு இரண்டு பேரும் போனோம். ஒரு ஸ்வெட்டர் பின்னி எடுத்துப்போனேன். உள்ளே குளிரும் அல்லவா? பெரிய கூடம், சுவரோரம் இரும்பு நாற்காலிகள், மூலையில் ஒழுகும் குழாய். காவலர் வந்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டு பேரும் எழுந்தோம்.

"மனைவி மட்டும் வாங்க" என்றார்.

"நான் அம்மாங்க. பெத்த அம்மா."

"தெரியும்மா." அவர் நல்ல மனிதர், என்னைப் பார்க்க முடியாமல் பூட்டைப் பார்த்தார். "நீங்க வர வேணாம்னு சொல்லச் சொன்னாரு. இன்னைக்கு மட்டும் இல்ல, இனிமேயும்."

ஸ்வெட்டரை மருமகளிடம் நீட்டினேன். வாங்காமல் உள்ளே போய்விட்டாள். ரொம்ப நேரம் கழித்து வந்தாள். முகம் கழுவியிருந்தாள். எப்படி இருக்கிறான், மெலிந்துவிட்டானா, சாப்பிடுகிறானா என்று கேட்டுக்கொண்டே பின்னால் ஓடினேன். பஸ் நிறுத்தம்வரை அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

பஸ்ஸில் முன்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொண்டாள். நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடத்துனர் வந்தார். அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒண்ணாம்மா?"

"இல்லைங்க" என்றாள் வெளியே பார்த்தபடி. "அவங்க வேற."