வலது கண்ணில் ஒரு புள்ளி

பாட்டில் பெட்டிக்குள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது, அதை நான் சரியாகப் பார்க்கவில்லை என்று.

நோயாளிகளுக்கு ஏற்றுகிற குளுக்கோஸ் பாட்டிலை விளக்குப் பலகை முன்னால் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தி, உள்ளே தூசு மிதக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. பதினொரு வருஷமாக இதே மருந்துக் கம்பெனி, இதே ஸ்டூல், இதே சன்னல் இல்லாத அறை. போன வருஷம் என் வலது கண்ணிலேயே ஒரு கரும்புள்ளி குடிவந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. எந்தப் பாட்டிலை எடுத்தாலும் அதுவும் உள்ளே நீந்தும். பாட்டிலை நிறுத்தியதும் கண்ணையும் அசைக்காமல் வைத்துக்கொள்வேன். அடங்கிவிட்டால் என்னுடையது, அப்போதும் சுழன்றால் பாட்டிலுடையது. இந்த ஒன்றில் மட்டும் நேரம் பார்த்துத் தும்மல் வந்தது. என் புள்ளிதானே என்று தள்ளிவிட்டேன்.

"தம்பி, பெல்ட்ட நிறுத்துங்க. அந்தப் பெட்டியப் பிரிக்கணும்."

சூப்பர்வைசர் நல்ல பையன்தான். கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். "போன மாசம் ரெண்டு தடவ நிறுத்துனீங்க, ஒண்ணுமே இல்ல. இன்னொரு தடவ நிறுத்துனா கண் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிட்டாங்கக்கா. யோசிச்சுக்குங்க."

பரிசோதனை என்றால் என் கதை முடிந்தது. வீட்டில் உலை கொதிப்பது இந்த வேலையால்தான். பதினொரு வருஷமாக, சாமி, என்னை இங்கிருந்து எடுத்துவிடு என்று வேண்டியவள் நான். இப்போது கதவு திறக்கிறது, மூடிவிடு சாமி என்கிறேன்.

படுக்கையில் கிடக்கிற என் வீட்டுக்காரர், நான் புலம்பும்போதெல்லாம் சொல்வார். "எனக்கு ஏத்துன பாட்டிலையும் யாரோ ஒருத்தி பாத்துத்தானே அனுப்பிருக்கா? அவளக் கடவுள்தான் அங்க உக்கார வச்சிருக்காரு." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உட்கார வைத்தவர் முதுகு சாய ஒரு நாற்காலியாவது போட்டிருக்கக் கூடாதா?

"பிரிங்க தம்பி," என்றேன்.

பன்னிரண்டு பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் என் புள்ளி வந்தது, அடங்கியது. எட்டாவது முடிவதற்குள் அவன் பரிசோதனைச் சீட்டை எழுதி, தலை நிமிராமல் என் பக்கம் நகர்த்தினான். இரண்டு கையாலும் பிடித்து ஒன்பதாவதைச் சுற்றினேன். நிறுத்தினேன். மூச்சையும் பிடித்துக்கொண்டேன்.

என் புள்ளி அடங்கிவிட்டது. அதற்குப் பக்கத்தில், அதைவிடச் சின்னதாக இன்னொன்று, நிதானமாகச் சுழன்று இறங்கிக்கொண்டிருந்தது.