தூர் மூடிய மண்

லாரி ரிவர்ஸ் ஹாரன் கத்தப் பின்பக்கமாகத் தோட்டத்துக்குள் நுழைந்தபோதே மண் டாக்டர் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். கொட்டத் தொடங்கியதும் சந்தேகமே இல்லை. மேல்மண் என்று பேர் சொல்லிக்கொண்டு வந்திருப்பது எங்கோ அஸ்திவாரம் தோண்டியெடுத்த அடிமண். வெளிறிப்போய்க் கட்டிகட்டியாக விழுந்தது. நல்ல மேல்மண் கறுத்துப் பொலபொலவென்று இருக்கும், அள்ளினால் முதல் மழை வாசனை அடிக்கும். இதை நனைத்தால் பிள்ளைகள் பொம்மை செய்யலாம், செடி வைக்க முடியாது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அவள் இவ்வளவையும் பார்த்தாள். சொல்லத்தான் வாய் இல்லை.

மண் டாக்டர் என்பது தெரு வைத்த பேர். செடி நர்சரியில் வேலை பார்த்தே தலை நரைத்தவள். யார் வீட்டுச் செடி வாடினாலும் ஒரு பிடி மண்ணைப் பையில் போட்டுக்கொண்டு இவள் வாசலில் வந்து நிற்பார்கள். உருட்டிப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள், பிறகு திட்டுவாள். வைத்தியமும் இலவசம், வசவும் இலவசம். அப்படிப்பட்ட வாயைத்தான் பக்கவாதம் அடைத்துவிட்டது. வலது கை, வலது கால், பேச்சு, எழுத்து எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டு அறிவை மட்டும் விட்டுவிட்டுப் போனது. அதையும் சேர்த்துக் கொண்டுபோயிருந்தால் நிம்மதியாகவாவது இருந்திருக்கும்.

"மிச்சத்தை எங்க கொட்டறது ஐயா?" என்று லாரிக்காரன் கேட்டான்.

"அந்த ஆரஞ்சு மரத்தைச் சுத்திக் கொட்டுப்பா. அதுதான் பள்ளம். வீட்டு வாசப்படி உசரத்துக்கு வந்துடணும்" என்றார் அவள் கணவர்.

ஆயுள் முழுக்க பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர் அவர். எந்த நெரிசலிலும் வண்டியை நுழைத்துவிடுவார். மண்ணைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது செருப்பில் ஒட்டும் என்பதுதான். ஆனால் மனைவியைப் பற்றி ஒன்று நன்றாகத் தெரியும். நர்சரியில் தேறாது என்று கழித்துப் போட்ட ஆரஞ்சுக் கன்றை அவள் தூக்கி வந்து வைத்தாள். அது வளர்ந்து நிழல் கொடுத்த நாளிலிருந்து சாயங்காலமானால் அங்கேதான் உட்காருவாள். இப்போது நாற்காலி அந்தச் சரிவில் இறங்காது. அதனால் தோட்டத்தையே மேடாக்கி, மரத்தடி வரை அவளைத் தள்ளிக்கொண்டு போவது என்று முடிவு செய்து ஒற்றைக் காலில் நின்றார். இந்த வயதில் இடுப்பு ஒடிய மண்வெட்டி பிடிக்கிறார். இவரை எப்படிக் கோபிப்பது?

ஆனால் மரம் செத்துவிடும். தண்டு விரிந்து மண்ணுக்குள் இறங்குகிற தூர்ப் பகுதி வெளியே காற்றுப்பட இருக்க வேண்டும். அதைப் புதைத்தால் பட்டை அழுகும், அடியில் இருக்கிற வேருக்கு மூச்சு முட்டும். ஆரஞ்சு இனத்துக்கு அந்த நோஞ்சான்தனம் கூடுதல். ஒருமுறை மரத்தடியில் மண்ணைக் குவித்த ஒரு வாத்தியாரை நடுத்தெருவில் நிறுத்தி, "உங்க கழுத்து வரைக்கும் மண்ணைப் போட்டு மூடினா நிப்பீங்களா?" என்று கேட்டவள் அவள்.

இடது கையால் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள். மோதிரம் கண்ணாடியில் பட்டுக் கணீரென்றது. அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தார். அவள் மரத்தைக் காட்டினாள். தலையை வேகமாக ஆட்டினாள், வேண்டாம் வேண்டாம் என்று.

"ஆரம்பிச்சிட்டியா?" என்று சிரித்தார். "எனக்காக எதுக்கு இந்தப் பாடு, அதானே? நீ என்னிக்குத்தான் வேணும்னு சொல்லியிருக்க?"

அங்கேதான் விதி உட்கார்ந்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் எதை வாங்கி வந்தாலும் அவள் முதல் சொல் வேண்டாம்தான். புடவைக்கும் வேண்டாம், மிக்சிக்கும் வேண்டாம். பிறகு அந்தப் புடவையைத்தான் நைந்து போகும்வரை உடுத்துவாள், அந்த மிக்சியைத்தான் யாரையும் தொட விடமாட்டாள். அவள் சொல்லும் வேண்டாமுக்கு என்ன அர்த்தம் என்று கற்றுக்கொள்ள அவருக்குப் பாதி ஆயுள் ஆனது. கற்றுக்கொண்டதை இப்போது மறப்பாரா?

அவள் அழுதாள். அதற்கும் வழியில்லை. "இந்த நோயில அழுகை தானா வரும், அதுக்கு அர்த்தம் தேடாதீங்க" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். கணவர் அர்த்தம் தேடாமல் கண்ணீரைத் துடைத்துவிட்டு, கன்னத்தைத் தட்டிவிட்டு, மண்வெட்டியை எடுக்கப் போனார்.

மண்ணுக்குப் பின்னால் மூடாக்கு வந்தது. ஈரம் காயாமலிருக்க மண்ணின் மேல் பரப்புகிற மரப்பட்டைத் தூள். குவியலாகவே கிடந்து புழுங்கிய சரக்கு. ஜன்னல் வழியாகவே புளித்த நெடி வந்தது. விரித்துக் காயப்போட்டு, நெடி போன பிறகு, தண்டை விட்டுத் தள்ளி மெல்லியதாகப் போட வேண்டியதை, அவர் தண்டோடு தண்டாகக் குவித்து, கையால் தட்டித் தட்டிக் கோபுரமாக்கினார். குழந்தைக்குப் போர்வை போர்த்துகிற மாதிரி இருந்தது.

மேடு தயாரானதும் அவளைத் தள்ளிக்கொண்டு போனார். நாற்காலி தடங்கலில்லாமல் உருண்டது. மரத்தடியில் நிறுத்தி, செல்போனை எடுத்து வெளியூரில் இருக்கும் மகளை வீடியோவில் கூப்பிட்டார். "அம்மாவை மரத்துக்கிட்டயே கொண்டு வந்துட்டேம்மா. பாரு, பாரு!"

மண் டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து, இருந்த ஒரு கையால் மூடாக்கைப் பறித்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் சிராய் ஏறியது. தூள் போய் மண் வந்தது. அதையும் தோண்டினாள். தூர் ஆழத்தில் இருந்தது, எட்டவில்லை.

"அப்பா, அம்மா என்ன பண்றாங்க?"

"மண்ணைப் பார்த்தா கை சும்மா இருக்குமா அவளுக்கு? விளையாடுறா." அவர் செல்போனை அவள் கைப்பக்கம் திருப்பினார். "எத்தனை நாளாச்சு அவ மண்ணைத் தொட்டு!"

பேசி முடித்ததும் அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவி, சிராயை எடுத்துவிட்டார். பிறகு அவள் தோண்டிய குழியை மூடி மறுபடி தட்டினார். அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் அவள் தோண்டுவாள், அவர் மூடுவார். இரண்டு பேருமே சளைக்கவில்லை.

அடுத்த கோடையில் உச்சிக் கிளை மஞ்சளடித்தது. பிஞ்சுகள் உதிர்ந்தன. மூடாக்குக்கு மேலே தண்டில் பட்டை வெடித்து, பழுப்பாகப் பிசின் வழிந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது, இனி தோண்டினாலும் பிழைக்காது. மரம் போவதைவிட வேறொன்று அவளைத் தின்றது. என்றைக்காவது விஷயம் தெரிந்த ஒருவர் இந்தப் பக்கம் வந்து, நீங்களே கொன்னுட்டீங்களேன்னு இந்த மனுஷனிடம் சொல்லிவிடுவார். அன்றைக்கு இவர் உடைந்துபோவார். அதைப் பார்க்கிற கொடுமையும் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் தண்டைத் தடவிக் கொடுத்தார். "பசி போலிருக்கு. இன்னும் ஒரு லோடு நல்ல மண்ணா அடிச்சுட்டா தேறிடும். என்ன சொல்ற?"

வேண்டாமென்று தலையை ஆட்டப் போனவள் நிறுத்திக்கொண்டாள். வேண்டாம் என்றால் வேண்டும் என்று எடுத்துக்கொள்கிற மனுஷன். வேண்டும் என்றால்? வாழ்நாளில் சொல்லாததைச் சொன்னால், இதென்ன புதுசாக என்று ஒரு நொடியாவது யோசிக்க மாட்டாரா? ஏன் என்று கேட்க மாட்டாரா? அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு, மெதுவாக, தெளிவாக, ஆமாம் என்று தலையசைத்தாள்.

அவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு மண்டியிட்டு, அவள் மடியில் முகம் வைத்து அழுதார்.

"முதல் தடவையா ஒண்ணைக் கேட்டிருக்க என்கிட்ட," என்றார்.

மறுநாள் காலையிலேயே லாரி பின்பக்கமாகக் கத்திக்கொண்டு வந்தது. அவள் ஜன்னலைத் தட்டவில்லை.