மூன்றாவது ஆறுச்சாமி

வர்ஷினியின் கைபேசியில் மூன்று ஆறுச்சாமிகள் இருந்தார்கள். பால் ஆறுச்சாமி, பைப் ஆறுச்சாமி, திக்கு ஆறுச்சாமி. கோயம்புத்தூரில் அந்தப் பெயரை முன்னொட்டு இல்லாமல் சேமித்து வைத்தால், அரை லிட்டர் பால் கூடுதலாகக் கேட்கப்போய்க் குழாய் ரிப்பேர்க்காரரைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டிவரும். மூன்றாமவர் கைபேசிக்குக் கண்ணாடி ஒட்டுவார், சார்ஜர் கொண்டுவந்து தருவார், வைஃபை படுத்துக்கொண்டால் வீட்டுக்கே வந்து எழுப்பி நிறுத்துவார். மூன்று வருடங்களுக்கு முன்பு அவர் முதல்முறை வந்துபோன மாலையில் அவள் ‘போன் ஆறுச்சாமி’ என்று அடித்திருக்கலாம். ஆனால் அவர் வாசலில் நின்று திக்கித் திக்கி வணக்கம் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம்தான் அவளுக்கு நினைவில் நின்றது. விரல் அதை அடித்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை.

இந்தச் சனிக்கிழமை காலை அவர் பீளமேட்டில் அவள் வீட்டு மேசை முன் உட்கார்ந்திருந்தார். அவளுடைய மடிக்கணினியில் பிரவுசரைத் திறந்தால் போதும், வலது மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அறிவிப்புகள் விழுந்தன. உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள். உங்களுக்கு ஒரு பரிசு காத்திருக்கிறது. முடி கொட்டுகிறதா?

“கம்ப்யூட்டர் கம்பெனியில வேலைன்னு சொன்னீங்களே அம்மணி” என்றார் ஆறுச்சாமி.

“நான் டெஸ்டிங் பண்றவங்ணா. அடுத்தவங்க பண்ற தப்பத்தான் கண்டுபிடிப்பேன்.”

“அதுதான் பார்த்தேனுங்க. எவன் வந்து ‘நோட்டீஸ் போடட்டுமா’ன்னு கேட்டாலும் சரி சரின்னு அமுத்தியிருக்கீங்க. நாப்பத்தாறு பேருக்கு ஊட்டுக்குள்ள வரச் சொல்லி சாவி குடுத்திருக்கீங்க.”

அவர் பேசியதெல்லாம் நின்று நின்றுதான் வந்தது. அந்த நிறுத்தங்களை இங்கே எழுத்துக் கூட்டிக் காட்டப் போவதில்லை. அவற்றை நடித்துக் காட்டியவர்கள் அவர் வாழ்க்கையில் ஏற்கனவே போதுமான அளவு இருந்தார்கள்.

செட்டிங்ஸில் ஒவ்வொரு தளமாக நீக்கிக்கொண்டே வந்தவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். “அம்மணி, உங்களுக்குத் தெரியுமான்னு ஒண்ணு கேக்கோணும். கூப்பிடறது யாருன்னு பேரு காட்டுமே, ஒரு ஆப்பு. அதுல என்ர பேரை எப்படி மாத்தறது?”

“ஏனுங்ணா, என்னன்னு காட்டுது?”

அவர் தன் கைபேசியை நீட்டினார். யாரோ எடுத்து அனுப்பிய படம். அவருடைய எண்ணுக்கு மேலே பெரிய எழுத்தில், திக்கு ஆறுச்சாமி.

வர்ஷினிக்குக் காது மடல் சூடேறியது.

“போன வாரம் போத்தனூர்ல ஒரு புது ஊடுங்க. வாசல் கேட்டுப் பக்கத்துல நின்னு போன் போட்டேன். உள்ளாற ஒரு சின்னப்புள்ள சத்தமாப் படிக்குது, ‘அப்பா, திக்கு ஆறுச்சாமி கூப்பிடறாரு’ன்னு. நான் இன்னும் வாயே தொறக்கலீங்க.” அவர் சிரித்தார். “அப்புறம் தங்கச்சி மாப்பிள்ளைகிட்டச் சொல்லிப் பார்த்தா, அவரு போன்லயும் அதேதான்.”

“அடடா” என்றாள் வர்ஷினி.

“முன்னெல்லாம் நான் போன் பண்ணுனா, அலோ வர்றதுக்கு முன்னாடியே கட் பண்ணிருவாங்க. ஏதோ கம்பெனி போன்னு நெனச்சுக்குவாங்க. ஒரு ரெண்டு வருசமா யாரும் கட் பண்றதில்லை. பொறுமையா இருக்காங்க. எனக்குப் பேச்சு சரியாயிட்டு வருதுன்னே நெனச்சுட்டேனுங்க. அம்மாகிட்டக்கூடச் சொன்னேன்.” ஒரு தளத்தை நீக்கினார். அடுத்ததை நீக்கினார். “பேரைப் பார்த்துத்தான் நின்னுருக்காங்க.”

வெளியே ஏதோ ஒரு கல்லூரிப் பேருந்து நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கருமத்தம்பட்டிக்கு ஒரு போன் பண்ணோணும். பொண்ணு ஊடுங்க. பிரீத்திகான்னு பேரு. பெரியவங்க பேசிட்டாங்க. அந்தப் புள்ள என்கூடப் பேசோணும்னு சொல்லியிருக்குது. என்ர பேச்சைப் பத்தி யாரும் அதுகிட்டச் சொல்லலை. நானே சொல்றேன், யாரும் சொல்லாதீங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். பேரை மாத்தச் சொல்லி ஆப்புல அமுத்தியிருக்கேன், மூணு நாள் ஆகும்ங்குது. அதுக்குள்ள மாத்த வழி இருக்குதுங்களா? நான்தான் சொல்லோணும் அம்மணி. போன் சொல்லக்கூடாது.”

“பார்க்கறேங்ணா. டீ போட்டுட்டு வந்துர்றேன்” என்று வர்ஷினி சமையலறைக்குள் போனாள். கைபேசியையும் எடுத்துக்கொண்டாள்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு, முதலில் தன் கைபேசியில் அந்தப் பெயரை ‘ஆறுச்சாமி அண்ணா’ என்று மாற்றினாள். பிறகு குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து, அவர் எண்ணைத் தேடினாள். கிடைத்தது. மூன்று வருடங்களுக்கு முந்தைய தேதி. ‘வைஃபைக்கு நல்ல ஆள் யாராவது இருக்காங்களா?’ என்று யாரோ கேட்டிருந்தார்கள். ‘இவர் சூப்பரா பண்ணுவார்’ என்று எழுதி, அவள்தான் தன் கைபேசியிலிருந்து தொடர்பு அட்டையை அப்படியே அனுப்பியிருந்தாள். அட்டையில் அவள் வைத்த பெயர். கீழே பதினேழு கட்டைவிரல்கள். தொட்டவர்களின் கைபேசியில் எல்லாம் அது அப்படியே இறங்கியிருக்கும். அங்கிருந்து தெரிந்தவர்களுக்கு, அவர்களிடமிருந்து அவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கு. யார் எந்த எண்ணை என்ன பெயரில் வைத்திருக்கிறார்கள் என்று அள்ளிக்கொண்டு போகும் அந்தச் செயலிக்கு, அதிகம் பேர் சொல்வதுதான் உண்மை.

அட்டையின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். எல்லோருக்குமாக நீக்கும் காலம் எப்போதோ கடந்திருந்தது. ‘எனக்கு மட்டும் நீக்கு’ என்றுதான் கேட்டது.

பால் பொங்கி அடுப்பை அணைத்தது.

டீயோடு திரும்பியபோது அவர் வேலையை முடித்திருந்தார். மூலையில் எதுவும் விழவில்லை. “உங்க போன்ல நான் என்னன்னு வர்றேன்னு பார்க்கலாமுங்களா?” என்று கேட்டுக்கொண்டே அழைத்துவிட்டார். அவள் கையில் கைபேசி அதிர்ந்தது. ஆறுச்சாமி அண்ணா.

அவர் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

“பாருங்க, ஒரு ஊட்லயாவது மரியாதையா இருக்கேன். கொஞ்சம் அப்படியே புடிங்க அம்மணி, போட்டோ எடுத்துக்கறேன். தங்கச்சிக்கு அனுப்போணும். எல்லாரும் அப்படித்தான்னு புலம்பறா.” அவர் தன் கைபேசியைத் தூக்கிப் படமெடுக்க வாகாகச் சாய்ந்தார்.

வர்ஷினி திரையைக் கவிழ்த்தாள்.

“வேண்டாங்ணா.”

“ஏனுங்க?”

“இப்பத்தான் மாத்துனேன். சமையல்கட்டுல. அந்தப் பேரு வெச்சது நான்தானுங்ணா. குரூப்ல அனுப்புனதும் நான்தான். வேணும்னு செய்யலை, பால்காரரும் ஆறுச்சாமி, பைப்புக்காரரும்…” சொல்லச் சொல்ல அது இன்னும் அசிங்கமாகிக்கொண்டே போனது. நிறுத்திக்கொண்டாள்.

ஆறுச்சாமி தூக்கிய கையை மெதுவாக இறக்கினார். கைபேசியைச் சட்டைப் பையில் வைத்தார். திருப்புளியைப் பைக்குள் போட்டார். டெஸ்டரைப் போட்டார். ஜிப்பை இழுத்து மூடினார். ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில்தான் வைத்தார்.

“அந்தப் பொண்ணு நம்பர் குடுங்கண்ணா” என்றாள் வர்ஷினி அவசரமாக. “நான் பேசறேன். தப்பு என்னோடதுன்னு இப்பவே சொல்லிர்றேன்.”

“அதையும் நீங்களே சொல்லிப்போடுவீங்களா?”

அவர் கத்தவில்லை. கேள்வியாகத்தான் கேட்டார். பதிலுக்கு நிற்கவும் இல்லை. “நேர்லயே போய்க்கறேன். வண்டியில போனா முக்கால் மணி நேரம். நேர்ல போனா தலைக்கு மேல பேரு எழுதியிருக்காது.” செருப்பை மாட்டிக்கொண்டார். “பிரவுசர்ல இனிமேல் எதுக்கும் சரின்னு அமுத்தாதீங்க மேடம். வாரேனுங்க.”

மூன்று வருடங்களாக அம்மணி என்று கூப்பிட்டவர். படியில் அவர் இறங்கும் சத்தம் தேயும்வரை வர்ஷினி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டீ மேசைமேல் தொடப்படாமல் இருந்தது.

பிறகு உட்கார்ந்து குழுவில் எழுதினாள். முதலில் ‘ஒரு சின்னத் தவறு நடந்துவிட்டது’ என்று எழுதினாள். ‘சின்ன’ என்பதை அழித்தாள். ‘நடந்துவிட்டது’ என்பதையும் அழித்தாள். கடைசியில் நின்றது இதுதான்: ‘வைஃபை ஆறுச்சாமி அண்ணனின் எண்ணை நான் கேலியான பெயரில் சேமித்து, அதே பெயரில் உங்களுக்கு அனுப்பினேன். அது அவரைப் போகிற இடமெல்லாம் துரத்துகிறது. தயவுசெய்து எல்லோரும் மாற்றிவிடுங்கள். தப்பு என்னுடையது.’

உடனே ஒரு கட்டைவிரல் வந்தது. பிறகு நான்கு. ஒருவர் சிரிக்கும் முகம் போட்டார். சங்கத் தலைவர் சீனிவாசலு, ‘பரவாயில்லை அம்மா, நல்ல மனுஷன், தப்பா எடுத்துக்க மாட்டார்’ என்று எழுதினார். அதற்கும் மூன்று கட்டைவிரல்கள். கட்டைவிரல் போட்டவர்களில் ஒருவர்கூட மாற்றியிருக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளாக இருந்தாலும் மாற்றியிருக்க மாட்டாள்.

எழுந்துபோய் எதிர்வீட்டு மணியை அடித்தாள். பங்காரம்மா ஈரக் கையோடு கதவைத் திறந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “அட, இதுக்கா கண்ணு மூஞ்சி இப்படிச் செத்துக் கெடக்குது?” என்றார். “எல்லாரும் அப்படித்தான சொல்றோம். இல்லீன்னா எந்த ஆறுச்சாமின்னு எப்படித் தெரியும்?”

“நான் அனுப்புனதாலதானுங்க எல்லாரும் சொல்றீங்க.”

பங்காரம்மா அவளை ஒரு கணம் பார்த்தார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கைபேசியை எடுத்துவந்து நீட்டினார். “இந்தா. எனக்கு மாத்தத் தெரியாது, நீயே போட்டுக் குடு. என்னன்னு போடப் போற?”

வர்ஷினி பழைய பெயரை அழித்தாள். ‘போன்’ என்று அடித்தாள். விரல் அங்கேயே நின்றது. மறுபடியும் தானே பெயர் வைத்துக்கொண்டிருப்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வருடங்களில் அவரிடம் அவள் கேட்டதெல்லாம் எப்போது வருவீர்கள் என்பது மட்டும்தான்.

“ஒரு நிமிசம் இருங்க. அவரையே கேட்டுர்றேன்.”

தன் கைபேசியிலிருந்து அழைத்தாள். மணி நெடுநேரம் அடித்தது. எடுக்க மாட்டார் என்று நினைத்தபோது எடுத்தார். அவிநாசி சாலையின் இரைச்சல் கேட்டது, பக்கத்தில் ஒரு லாரி உறுமிக்கொண்டு கடந்தது. அவர் குரல் வரவில்லை. முதல் எழுத்தில் சிக்கி நிற்கிறாரா, இல்லை இவளோடு பேசப் பிடிக்காமல்தான் நிற்கிறாரா என்று வர்ஷினியால் சொல்ல முடியவில்லை. அலோ அலோ என்று அவசரப்படுத்தும் உரிமையும் தனக்கு இல்லை என்று தோன்றியது.

“என்ன கண்ணு, கட் ஆயிருச்சா?” என்றார் பங்காரம்மா.

வர்ஷினி இல்லையென்று தலையாட்டினாள். கைபேசியைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டு நின்றாள்.