வள்ளிக்கண்ணு பேருக்கு வந்த இதழ்

தென்னூரில் எங்கள் மாதர் மாத இதழை நடத்திய ரெங்கம்மாளைப் போல நல்லவளும் கிடையாது, பிடிவாதக்காரியும் கிடையாது. நான் அங்கே புரூஃப் பார்ப்பேன், மேலுறை ஒட்டுவேன், அவளோடு சண்டையும் போடுவேன்.

1957 தொடக்கம். ஸ்ரீரங்கத்துக்குச் சாமி கும்பிடப் போவதாகச் சொல்லிவிட்டு, மண்ணச்சநல்லூரிலிருந்து வள்ளிக்கண்ணு எங்கள் ஆபீசுக்கு வந்தாள். புருஷனை இழந்து, மகளோடு அண்ணன் அழகர்சாமி வீட்டில் இருப்பவள். அப்பா அப்போதுதான் காலமாகியிருந்தார். அவர் சம்பாதித்த நிலத்தில் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி அண்ணன் நெருக்குகிறாராம். புதுச் சட்டத்தில் மகளுக்கும் பங்கு உண்டாமே, நிஜமா என்று கேட்டாள். வக்கீலிடம் விசாரித்து, பேர் போடாமல் கேள்வி-பதில் பக்கத்தில் அச்சடிப்பதாக ரெங்கம்மாள் சொன்னாள். கடிதம் போட்டால் அண்ணன் பிரித்துவிடுவார். அந்த வீட்டுக்கு மாதாமாதம் போகும் எங்கள் இதழோ அவர் பேருக்குத்தான் போகும். பொம்பளைப் புஸ்தகம் என்று புரட்டாமலே அடுப்படிக்குத் தள்ளிவிடுவார். எங்கள் சந்தாதாரர் எல்லாருக்கும் வீட்டு ஆம்பிளை பேரில்தான் போய்க்கொண்டிருந்தது.

பாழாய்ப்போன அந்த மாதம்தான் ரெங்கம்மாளுக்கு ஞானம் பிறந்தது. பெண்கள் பத்திரிகை பெண்கள் பேருக்கே போகவேண்டுமாம். வள்ளிக்கண்ணு ஒருத்திக்காவது பழையபடி அண்ணன் பேரையே எழுதுவோம் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

“அவளுக்குத்தாண்டி முதல்ல அவ பேர் வேணும்,” என்றாள்.

தபாலில் சேர்த்த மறுநாளே உள்ளூர்ப் பிரதிகள், பெண் பேரைப் பார்த்த வீட்டு ஆம்பிளைகள் தொடாமல், ‘வாங்க மறுப்பு’ என்று கட்டாகத் திரும்பி வந்தன. மண்ணச்சநல்லூருக்கும் அன்றைக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். உடனே பஸ் ஏறினேன். வீட்டில் விசாரித்தால், அண்ணனும் தங்கையும் பத்திரம் பதிய ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். ஓடினேன்.

வள்ளிக்கண்ணு ஆபீஸ் வாசலில் தனியாக நின்றாள். இடது கட்டைவிரலில் ரேகை வைத்த மை. அண்ணன் உள்ளே இருந்தார்.

“போஸ்ட்மேன் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாருங்க. அந்த வீட்டுல என் பேருக்கு எதுவுமே வந்ததில்ல. உனக்கென்னடி தபால்னு அண்ணன் வாங்கிப் படிச்சாரு, கையோட இங்க கூட்டிட்டு வந்துட்டாரு. கையெழுத்துப் போடலேன்னா நீயும் மகளும் இப்பவே நடையைக் கட்டுங்கன்னாரு.”

ரெங்கம்மாளைத் திட்டுவதா, அந்த மனுஷனைத் திட்டுவதா? திட்டித்தான் இனி என்ன ஆகப்போகிறது?

“என்னைப் படிக்க விடலைங்க. எனக்குப் பங்கு உண்டுன்னா போட்டிருந்துச்சு?”

இல்லை என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். பாவம், இன்றைக்காவது நிம்மதியாகத் தூங்குவாள். மனசு வரவில்லை.

“உண்டு. அண்ணனுக்கு எவ்வளவோ, அவ்வளவு.”

அவள் சட்டென்று உள்ளே திரும்பிப் பார்த்தாள்.

“மெதுவாப் பேசுங்க,” என்றாள். “இன்னமும் அந்த வீட்டுலதான் சோறு திங்கணும்.”