நுரைக்கு அடியில்

வாழ்த்துச் சொல்ல வந்தவளைப் போலச் சிரித்துக்கொண்டேதான் அக்கா தம்பியின் ஓவியக் கண்காட்சிக்குள் நுழைந்தாள். உள்ளே ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டிருந்தது.

செம்மண் மேட்டின் விளிம்பில் இருந்த அவள் வீட்டைப் போன மழைக்காலத்தில் கடல் தின்று தீர்த்தது. அவளும் புருஷனும் சாமான்களை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது உத்தரம் சரிந்து அவர் முதுகில் விழுந்தது. இன்றைக்கும் மனுஷன் படுத்த படுக்கை. தூக்கிப் பிடிக்க இன்னொரு கை இருந்திருந்தால் தப்பியிருப்பார். அன்று விடியற்காலையிலேயே உதவிக்கு வரச்சொல்லித் தம்பிக்குப் போன் போட்டிருந்தாள். "நான் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சுக்கா" என்று பிறகு தலையில் அடித்துக்கொண்டு அழுதான். புருஷன் நம்பவில்லை. அவள் பாதி நம்பினாள், கூடப் பிறந்த பாவத்துக்கு. மீதிப் பாதி அவளைத் தூங்க விடவில்லை. தம்பி என்று ஒருத்தன் தனக்கு மிச்சம் இருக்கிறானா, இல்லையா?

சுவருக்குச் சுவர் கடல், பிளந்த மேடு, உருண்ட பாறை. நடுவில் பெரிய படம். அவள் வீடு! சமையலறைச் சுவர் இன்னும் விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு ஈ காக்கை கிடையாது.

"முடிஞ்சப்புறம் வந்தேன்னியே, இதை எப்படிடா வரைஞ்ச?"

"எல்லாம் கற்பனைக்கா" என்று நழுவினான் தம்பி. பூசி மெழுகுவதில் கெட்டிக்காரன். அவள் நம்பத்தான் பார்த்தாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். சற்று நேரத்தில் பத்திரிகைக்காரி ஒருத்தி, "இந்த மூலையில மட்டும் நுரை ஏன் சார் இவ்வளவு தடிமனா இருக்கு?" என்று கேட்டாள். தம்பிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பின்னால் யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"நல்லாக் கவனிச்சீங்க! அங்க ரெண்டு பேர் இருந்தாங்க. ஒருத்தர் கீழ கிடந்தாரு. ஒரு பொம்பள கையை ஆட்டிக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தா. எதிர் மேட்டுல நின்னு, நேர்ல பார்த்து வரைஞ்சது. ஆனா ஆளு இருந்தா கண்ணு அங்கதான் போகும். அப்புறம் கடலை யாரு பார்ப்பா? அதான் வெள்ளையை அப்பி மூடிட்டேன்."

திரும்பினான். முகம் செத்துப்போயிற்று. "அக்கா... அது வந்து..."

அவள் கத்துவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவளுக்கு அவனைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"மழையில முகம் தெரியலடா. மேட்டுல யாரோ நிக்கிறான்னு நெனச்சுத்தான் கையை ஆட்டினேன்" என்றாள். "யாரோதான் நின்னிருக்கான்."