கருப்பனாருக்கு வாங்கிய சேவல்

பண்ணையின் கால்நடை டாக்டர் மோகன்குமார் ஊர் முக்குக்கு வந்துவிட்டதாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தபோதே கொல்லையில் சேவல் கூவியது. சௌந்தர்யா போனைப் பொத்திக்கொண்டு ஓடினாள். வேப்பமரத்தடியில் கோழி அடைக்கும் புதுக் கொடாப்பு ஒன்று கவிழ்ந்திருந்தது. அதன் மூங்கில் இடுக்கில் ஒரு செவலைச் சேவல் தலையை நீட்டியது.

கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது. வீட்டுக் கோழியின் நோயை ஆட்களே பண்ணைக்குள் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். முட்டை பொறுக்கப் போன வயதிலிருந்து சௌந்தர்யா அதை மீறியதில்லை. பிறகு தடுப்பூசி போடும் கூட்டத்தோடு அலைந்தாள், தீவன மில்லில் நின்றாள், கோழி செட்டுக்குச் சூப்பர்வைசர் ஆனாள். ஒவ்வொரு முறையும் அவள் படிப்புக் குறைவைச் சொல்லி யாராவது தடுத்தார்கள். நாளை முதல் குஞ்சு பொரிப்பகம் அவள் பொறுப்பு. அந்த வேலைக்கு வருகிறவரின் வீட்டைப் பார்த்த பிறகுதான் டாக்டர் சாவியைக் கொடுப்பார்.

லாரியில் லோடு இறக்கிவிட்டு விடிகாலையில் வந்திருந்த அவள் புருஷன் மாரியப்பன் பல் துலக்கியபடி வந்தான்.

"உனக்கு அந்த வேலை கெடச்சா கருப்பனாருக்குச் சேவல் வெட்டறதா வேண்டியிருந்தேன் புள்ள. வர்ற வழியில சந்தையில புடிச்சாந்தேன்."

அவள் குனிந்து பார்த்தாள். சேவலின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மூக்கில் சளி. மூச்சு கொரகொரத்தது. தடுப்பூசிக் காலத்தில் இப்படி ஆரம்பித்த ஒரு செட்டை அவள் பார்த்திருக்கிறாள். கடைசியில் அத்தனை கோழிகளையும் குழிவெட்டிப் புதைக்க வேண்டியிருந்தது.

வாசலில் ஜீப் நின்றது. மாரியப்பன் சேவலைச் சாக்கில் போட்டுக்கொண்டு, கொடாப்பை விறகுக் கட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, வேலி தாண்டிச் சோளக்காட்டுக்குள் போய்விட்டான்.

டாக்டர் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். கொல்லைக்கு வந்து வேப்பமரத்தடியில் நின்றார். அவர் செருப்புக்குப் பக்கத்திலேயே எச்சம் கிடந்தது. அவர் கீழே பார்க்கவில்லை. சிரித்தபடி சாவியை நீட்டினார்.

அவள் கையை நீட்டவில்லை.

"இங்க சேவல் இருந்துச்சுங்க. சீக்குச் சேவலுங்க. நீங்க வர்றதுக்கு முந்திதான் எங்க ஊட்டுக்காரரு காட்டுக்குள்ள கொண்டுபோனாருங்க."

டாக்டர் சட்டென்று பின்னால் நகர்ந்தார். "இத்தன வருசம் பண்ணையில இருக்கறீங்க. ஊட்ல சொல்லி வெக்கலீங்களா?"

"கோழி ஆகாதுன்னு சொன்னேனுங்க. சாமிக்கு வாங்கறதும் கோழிதான்னு சொல்லாம உட்டுட்டேன்."

அவர் வாசலுக்குப் போய் முதலாளியோடு போனில் பேசினார். நாளை குஞ்சு பொரிகிறது, இடத்தைக் காலியாக வைக்க முடியாதாம். சாவி இன்னொரு சூப்பர்வைசர் இலக்கியாவுக்குப் போகும். சேவலின் பரிசோதனை முடிவு வரும்வரை சௌந்தர்யா பண்ணைப் பக்கம் வரக் கூடாது. வந்த பிறகும் தீவன மில்தான். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மாரியப்பனைக் கூப்பிட்டுச் சேவலை வாங்கி, மூடிய பெட்டியில் போட்டுக்கொண்டு டாக்டர் கிளம்பினார்.

மாரியப்பன் காலிச் சாக்கோடு நின்றான். "கருப்பனாருக்கு என்ன சொல்றது?"

"வேலையும் போச்சு, சேவலும் போச்சு, கணக்கு நேராயிருச்சுன்னு சொல்லுங்க. மொதல்ல அந்தச் சாக்க இங்க போட்டுட்டுப் போயி குளிங்க."

அவள் கொடாப்பை இழுத்துச் சாக்கின்மேல் போட்டுத் தீ வைத்தாள். பச்சை மூங்கில் பற்றிக்கொள்ள வெகுநேரம் ஆனது.