காலின் மேல் பழி

சவப்பெட்டிக்குப் பின்னால் கார் மறுபடியும் ஒரு துள்ளு துள்ளியது. கூட்டத்தின் கடைசி வரிசையில் நடந்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் பதறிப்போய் ஒதுங்கினார்கள்.

"அடியே, பார்த்து! என் தம்பிக்கு முன்னாடி என்னைக் குழியில இறக்கிடுவ போலிருக்கே." பின் சீட்டில் மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த நூபியா முன் சீட்டின் முதுகை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"மெதுவாத்தான் போறேன் அக்கா. மெதுவாப் போனாத்தான் இது இப்படிப் பண்ணுது."

"அது பண்ணுதா, நீ பண்றியா?"

 மார்லேனி இடது காலால் கிளட்ச்சை இன்னும் அழுத்தி மிதித்தாள். தேவாலயத்தில் பூசை முடிந்து கல்லறைக்குப் போகும் தெரு சுவரில் சாத்திய ஏணியைப் போல நிமிர்ந்து நின்றது. பட்டறை ஆட்கள் ஆறு பேர் அவள் கணவன் அனிபாலைத் தோளில் சுமந்துகொண்டு ஓரடி ஓரடியாக ஏறினார்கள். நேற்றுக் காலை பட்டறை வாசலில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்தவன். கோப்பை உருண்டது, அவன் எழுந்திருக்கவில்லை. நாற்பது கிலோமீட்டர் சுற்றளவில் அவன் கை படாத ஜீப்பே இல்லை என்பார்கள். அவனுடைய வண்டி அவனுக்குப் பின்னால் போயே ஆக வேண்டும் என்று நூபியா பிடிவாதம் பிடித்தாள். ஓட்டத் தெரிந்த ஆண்கள் எல்லோரும் பெட்டிக்கு அடியில் நின்றார்கள். சாவி மார்லேனியின் கையில் வந்து விழுந்தது.

வளைவில் ஊர்வலம் நின்றது. நின்று நகர்ந்தபோது கார் இரண்டு முறை குதித்து, இருமி, அணைந்துவிட்டது. நடைபாதையில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் தாழ்ந்த குரலில் எதையோ சொன்னார். என்ன சொன்னார் என்று மார்லேனிக்குக் கேட்க வேண்டியதில்லை. தவளை.

அந்தப் பெயர் அவளுக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. பள்ளத்தாக்கு நகரத்து ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். படித்த படிப்புக்கு ஏற்ற வேலை. ஆனால் விடியற்காலையில் அங்கே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு மலையிலிருந்து இறங்கும் பஸ் கிடையாது. "நீயே ஓட்டிட்டுப் போ, நான் கத்துத் தர்றேன்," என்றான் அனிபால். முதல் சில வாரங்கள் நன்றாகத்தான் ஓட்டினாள். பிறகு என்ன ஆயிற்றோ, நடு மைதானத்தில், சந்தை நாளில், ஊரே பார்க்கக் கார் தத்தித் தத்திப் போனது. பிள்ளைகள் பின்னால் தவளை மாதிரி குதித்துக்கொண்டே ஓடி வந்தார்கள்.

"காரில ஒண்ணுமில்லம்மா. நான் ஓட்டினா குதிக்குதா, சொல்லு?" என்று சிரித்தான் அனிபால். "உன் கால் அப்படி. சில பேருக்குப் பாட்டு வராது, சில பேருக்குக் கிளட்ச் வராது."

உண்மைதான். அவன் ஓட்டினால் வண்டி எண்ணெயில் வழுக்குவது போலப் போகும். கடைசியில் ஒரு நாள் அவளே சாவியை மேசைமேல் வைத்துவிட்டு அழுதாள். அவன் அவளை அணைத்துக்கொண்டு, "நான் இருக்கேன்ல? நீ எங்க போகணும்னாலும் நான் கூட்டிட்டுப் போறேன்," என்றான். அன்று அவனைப் போல ஒரு கணவன் யாருக்கு வாய்ப்பான் என்று அவள் நினைத்தாள். ஆஸ்பத்திரி வேலையை விட்டாள். அவளுக்கு மருந்துக் கடையில் வேலை கிடைத்தது, வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்.

தோள் மாற்றிக்கொண்டு பின்னால் வந்த ஆர்செசியோ கார்க் கதவின் மேல் கை வைத்தான். பட்டறையில் அனிபாலுக்குக் கூட்டாளி. சட்டைக் காலரெல்லாம் வியர்வை.

"அண்ணி, கொஞ்சம் கூடுதலா ஆக்சிலேட்டர் குடுத்து, கிளட்ச்சைப் பாதியில பிடிச்சுக்கங்க. முழுசா விடாதீங்க."

"விட்டாலும் குதிக்குது, பிடிச்சாலும் குதிக்குது. பாழாப்போன காலு. இன்னைக்காவது மானத்தைக் காப்பாத்தக் கூடாதா?"

ஆர்செசியோ அவள் முகத்தைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்து, தலையைக் குனிந்துகொண்டு, கல்லறை வாசல்வரை காரை ஒட்டியே நடந்தான்.

அடக்கம் முடிந்தது. கல்லறை மாடங்கள் அடுக்கிய சுவரில் ஒரு மாடத்துக்குள் பெட்டியைத் தள்ளி, செங்கல் வைத்துப் பூசினார்கள். கூட்டம் சரிவில் கலைந்து இறங்கியது. மார்லேனி வாசலுக்கு வந்து ஆர்செசியோவிடம் சாவியை நீட்டினாள்.

"இந்தா, நீயே ஓட்டு. இனிமே நான் தொட மாட்டேன்."

அவன் வாங்கவில்லை.

"அண்ணி, உங்க கால்ல ஒண்ணுமில்ல."

"என்ன?"

சாவியை அப்போதுதான் வாங்கினான். முன் மூடியைத் திறந்து அவளை அங்கே நிறுத்திவிட்டு, காரில் ஏறி என்ஜினைக் கிளப்பினான். "கைப்பிரேக்கு போட்டிருக்கேன். முதல் கியர்ல போட்டு கிளட்ச்சை லேசா விடறேன். என்ஜினை மட்டும் பாருங்க."

மார்லேனி பார்த்தாள். என்ஜின் கயிற்றை இழுக்கும் கன்றுக்குட்டி போல ஒரு பக்கமாக எம்பியது, விழுந்தது, மறுபடி எம்பியது. ஒவ்வொரு எம்பலுக்கும் அதிலிருந்து போன கம்பி ஒன்று விண்ணென்று இறுகித் தளர்ந்தது.

அவன் அணைத்துவிட்டு இறங்கி வந்தான். "என்ஜினைத் தாங்கற ரப்பர் கிழிஞ்சு கிடக்கு. அது ஆடறப்போ கிளட்ச் கம்பியைப் பிடிச்சு இழுக்குது. நீங்க காலை அசைக்காம வெச்சிருந்தாலும் கிளட்ச் அதுவா ஏறும், இறங்கும். ஊர்ந்து போறப்போதான் தெரியும். வேகம் எடுத்துட்டா தெரியாது."

"அவர் ஓட்டினா குதிக்காதே?"

"என்ஜின் சத்தத்தைக் கூட்டி வெச்சு, கிளட்ச்சை நழுவ விட்டு ஓட்டுவாரு. மெக்கானிக்கோட கால் அண்ணி. அதுக்குத் தெரியும்."

"அப்போ அவருக்கு இது தெரியும்."

ஆர்செசியோ கைகளைத் துடைத்தான். கையில் அழுக்கு ஒன்றுமில்லை.

"நீங்க ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பறப்போ புது ரப்பர் நான்தான் போட்டேன். கொஞ்ச நாள் கழிச்சு வண்டி குதிக்குதுன்னாங்க. ராத்திரி அவர் இல்லாதப்போ திறந்து பார்த்தா, நான் தூக்கிப் போட்ட பழைய கிழிஞ்ச ரப்பர் திரும்ப உட்கார்ந்திருக்கு. கேட்டேன். 'வாயை மூடு, அவ கீழ இறங்கிப் போயிட்டா ஏறி வரமாட்டா'ன்னாரு."

மார்லேனி திறந்த மூடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நாள், கையில் கிரீஸோடு, விசில் அடித்துக்கொண்டே அனிபால் இங்கே குனிந்து நின்றிருப்பான். அன்று ராத்திரி அவளே அவனுக்குச் சோறு போட்டிருப்பாள்.

"நீ வாயை மூடிக்கிட்ட."

"அண்ணி..."

"தவளைன்னு கூப்பிட்டப்போ நீயும் சிரிச்ச. நான் பார்த்தேன்."

அவள் கையை எடுத்ததும் அவன் மூடியைச் சாத்தினான். மார்லேனி பின் சீட்டு ஜன்னல் பக்கம் வந்தாள். அடக்கத்துக்கு இறங்காமல் காரிலேயே இருந்த, காலையிலிருந்து வாய் ஓயாத நூபியா மடியிலிருந்த ஜெபமாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்களுக்கும் தெரியுமா?"

நூபியா மாவுக்கட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். வெள்ளைத்தூள் சீட்டில் உதிர்ந்தது.

"அவன் உன்னை இழந்துடுவோமோன்னு பயந்தான்டி," என்றாள் கடைசியில். "ஆம்பளை பயந்தா என்னென்னவோ செய்வான்."

மார்லேனி ஆர்செசியோவின் கையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். சரிவில் கார் தத்தித் தத்தி இறங்கியது. கறுப்பு உடுப்பில் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாருக்காகவும் கிளட்ச்சை மிதிக்கவில்லை. குதித்தால் குதிக்கட்டும் என்று விட்டாள்.

வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டாயிற்று. ஒன்பது நாள் ஜெபத்துக்கு அண்டை வீட்டார் வரத் தொடங்கியிருந்தார்கள். நூபியாவைக் கைத்தாங்கலாக இறக்கி ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து மார்லேனியின் கன்னத்தைத் தடவினாள்.

"உன்னைத் தரையில நடக்க விடாம வெச்சிருந்தானே, புண்ணியவான்."

"ஆமா," என்றாள் மார்லேனி. "விடவே இல்ல."

திரும்பக் காருக்கு நடந்தாள். ஆர்செசியோ மூச்சிரைக்க ஓடி வந்தான். "அண்ணி, நாளைக்கே புதுசு மாட்டித் தர்றேன். இப்ப எங்க போறீங்க? ஜெபம் ஆரம்பிக்கப் போறாங்க."

அவள் கண்ணாடியை ஏற்றினாள்.

ஊரின் கடைசி வீட்டைத் தாண்டியதும் சாலை காபித் தோட்டங்களுக்கு நடுவே கீழ்நோக்கி விழுந்தது. இரண்டாவது கியர். ஒரு உதறல். மூன்றாவது கியர். கார் அடங்கியது. சக்கரத்தின் சத்தம் மட்டும் கேட்டது.

வளைவில், மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று மேலே ஏறி வந்தது. சாலை குறுகல். அவள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள். ஜீப்காரர் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல், ஓட்டுகிறவர்கள் ஒருவருக்கொருவர் செய்வதுபோல, ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலை உயர்த்திவிட்டுக் கடந்து போனார்.

மார்லேனிக்கு அது புரிய ஒரு கணம் ஆயிற்று. அதற்குள் ஜீப் போய்விட்டது. அவளும் இரண்டு விரலை உயர்த்தினாள். எதிரே சாலை காலியாகக் கிடந்தது.